டாகுமெண்டரியில் யார் பேசுவது?

டாகுமெண்டரி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவு வருவது பிம்பம் அல்ல, ஒரு குரல். 1948ல் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டபின் பல பத்தாண்டுகள், சட்டத்தின் பலத்தில், தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் அந்தக் குரல் ஒலித்தது. அணைக்கட்டு, வெள்ள நிவாரணம், குடும்பக் கட்டுப்பாடு, எதைக் காட்டினாலும் ஒரே தொனி. எதற்கும் கலங்காத, எல்லாம் அறிந்த தொனி. அது முடியும்வரை ஜனங்கள் வெளியே நின்று பீடி குடித்தார்கள். சரியான விமர்சனம்தான் அது. (அதே நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே அந்தக் குரலைத் துரத்தியவர்களும் உண்டு. எஸ். என். எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் ட்வென்டி', 1967: சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயதுக்காரர்கள் தாங்களே பேசுகிறார்கள். தேடிப் பார்க்க வேண்டிய படம்.)

சக எழுத்தாளர்களுக்கு நான் சிபாரிசு செய்ய விரும்பும் மூன்று படங்களும் இந்தக் குரல் பற்றியவை. துன்பப்படுகிறவனைக் காட்டும்போது அவன் தலைக்கு மேல் நின்று பேச யாருக்கு உரிமை? கவிதை எழுதுகிறவனுக்கும் இந்தக் கேள்வி உண்டு. பதில் தெரிந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதலாவது, ஈரானியக் கவிஞர் ஃபோரூக் ஃபரோக்ஸாத் எடுத்த 'வீடு கறுப்பாயிருக்கிறது'. 1962ல், தப்ரீஸ் நகருக்கு அருகே ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில், பன்னிரண்டு நாட்களில் எடுக்கப்பட்டது. தொழுநோயாளருக்கு உதவும் ஒரு சங்கம் கேட்டதால் எடுத்த படம். அதாவது பிறப்பில் இதுவும் ஒரு பிரசாரப் படமே. சுமார் இருபது நிமிடம். அவர் இயக்கிய படம் என்று நாம் பேசுவது இதை மட்டும்தான். 1967ல், முப்பத்திரண்டு வயதில், கார் விபத்தில் இறந்துபோனார்.

படத்தில் இரண்டு குரல்கள். ஒன்று ஆண் குரல், தயாரிப்பாளர் இப்ராஹிம் கோலெஸ்தானுடையது. நோய் என்ன செய்யும், வறுமையோடு அதற்கென்ன உறவு, சிகிச்சை செய்தால் குணமாகும் என்றெல்லாம் தகவல் சொல்கிறது. இன்னொன்று ஃபோரூக்கின் குரல். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்தும் தன் சொற்களிலிருந்தும் எடுத்து, தாழ்ந்த ஸ்தாயியில், கிட்டத்தட்ட ஜெபம் போலப் பேசுகிறார். முதல் குரல் 'அவர்கள்' என்கிறது. இரண்டாவது 'நான்' என்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம், எழவும் வேண்டும். தன் சொந்த இருட்டை இன்னொருவனின் அழுகிய விரலுக்கு மாட்டிவிடுவது கவிஞனுக்கு சுலபம். இந்தக் குடியிருப்பு ஷா காலத்து ஈரானின் குறியீடு என்று விளக்கம் சொல்பவர்களும் செய்வது அதே காரியம்தான்; நோயாளியிடம் மிஞ்சியிருக்கும் நோயையும் பிடுங்கிக்கொண்டு அதற்கு அரசியல் அர்த்தம் சூட்டுகிறார்கள். எனக்கு இந்தக் குறியீட்டு வாசிப்பில் சம்மதமில்லை.

படத்தைக் காப்பாற்றுவது அதன் பள்ளிக்கூடக் காட்சி. தாயும் தகப்பனும் இருப்பதற்காக ஏன் கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஆசிரியர் கேட்கிறார். எனக்குத் தெரியாது, எனக்கு இருவரும் இல்லை என்கிறான் ஒரு பையன். அழகானவை சிலவற்றைச் சொல் என்றால் நிலா, சூரியன், பூ, விளையாட்டு. அசிங்கமானவை? கை, கால், தலை. வகுப்பே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை எந்தக் குறியீட்டுக்குள்ளும் அடைக்க முடியாது. பிறகு 'வீடு' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். கரும்பலகையில் எழுதப்படுவதுதான் படத்தின் தலைப்பு. இது ஏற்பாடு செய்த காட்சியாகவே இருக்கலாம். இருந்தாலும் கவிஞர் தன் கடைசி வரியைத் தன் குரலில் சொல்லாமல் ஒரு மாணவனின் கைக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த விட்டுக்கொடுத்தலை நம் கவிதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. கண்ணுக்கு மை இடுவதும், தலை வாருவதும், பிள்ளைகள் பந்து விளையாடுவதும் இந்தப் படத்தில் இரக்கம் வேண்டி வருவதில்லை. நடக்கின்றன, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் லூயி புனுவலின் 'ரொட்டியில்லாத நாடு', 1933. ஸ்பெயினின் லாஸ் ஊர்தேஸ் மலைக் கிராமங்கள். ரமோன் அஸின் என்ற அராஜகவாதி நண்பருக்கு லாட்டரி விழுந்தது. அந்தப் பணத்தில் எடுத்தது. (1936ல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலேயே அஸினைச் சுட்டுக் கொன்றார்கள்.) இங்கே பேசும் குரல் நம் நியூஸ் ரீல் குரலுக்கு அண்ணன். பிரயாண நூல் படிக்கிற அலட்சியத்தோடு பசியையும் சாவையும் சொல்லிக்கொண்டு போகிறது. கூடவே பிராம்ஸின் நான்காம் சிம்பனி. ஆடு மலையிலிருந்து தவறி விழுவது பற்றிச் சொல்கிறது, ஆடு விழுகிறது. சட்டகத்தின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரிகிறது. சுட்டுத்தான் விழ வைத்தார்கள்.

புகையை புனுவல் வெட்டி எறியவில்லை. இந்தக் குரலை நம்பாதே என்று சொல்வதற்காகவே விட்டுவைத்தார் என்பது அவருடைய ரசிகர்களின் வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்லும் குரலுக்குப் பக்கத்திலேயே அதன் சாட்சியையும் வைத்த துணிச்சல் பெரிது. ஆனால் அந்த வட்டாரத்து மக்கள் படத்தை வெகுகாலம் வெறுத்ததற்கும் நியாயம் இருக்கிறது. பாரீஸ் ரசிகனுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு அவர்கள் முகங்கள் செலவாயின. ஃபோரூக் படத்துக்குப்பின் இதைப் பார்த்தால் அந்தக் கணக்கு உறுத்தும்.

மூன்றாவது நமக்கு அருகில் உள்ளது: ஆனந்த் பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்', 1985. பம்பாயில் குடிசைகளை இடித்துத் தள்ளுவது பற்றி. படமாக இது சீரற்றது. மேட்டுக்குடியினரின் பேச்சை வெட்டி ஒட்டியிருக்கும் விதத்தில் கிண்டல் கொஞ்சம் சுலபமாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் ஒரு பெண் கேமராவைப் பார்த்துத் திட்டுகிறாள். ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கப் போகிறாய், எங்களுக்கு என்ன செய்யப் போகிறாய் என்கிற தோரணையில். பட்வர்தன் பதில் சொல்லவில்லை, அவள் பேச்சை நீக்கவும் இல்லை. புனுவல் படத்தில் சட்டகத்தின் ஓரத்தில் நின்ற புகை இங்கே நடுவுக்கு வந்து வாய் திறந்து பேசுகிறது.

ஒன்றுதான் பார்க்க முடியும் என்பவர்கள் ஃபோரூக்கின் படத்தைப் பார்க்கட்டும், இணையத்தில் கிடைக்கிறது. முதல் தடவை அடியில் ஓடும் எழுத்துக்களை விட்டுவிட்டுக் குரல்களை மட்டும் கேளுங்கள். ஒரு மனிதன் சுவரோரமாகப் போய்ப் போய்த் திரும்புகிறான். மேலே வாரத்தின் கிழமைகள் வரிசையாக உச்சரிக்கப்படுகின்றன. அதற்குப் பாரசீகம் தெரிய வேண்டியதில்லை.