'ஃபன்னி பாய்' நாவலும் ஷெஹான் என்னும் இளைஞனும்

ஷியாம் செல்வதுரை 1994ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபன்னி பாய்' என்னும் நாவலை 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் இலக்கியச் சான்றாகக் கொண்டு பேசுதல் நம்மிடையே வழக்கம். அஃது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த ஆர்ஜி என்னும் சிறுவன், தான் தன்பாலீர்ப்புடையவன் என்பதைச் சிறிது சிறிதாக உணர்ந்து வளரும் வரலாறே அந்நூலின் உயிர்நாடி. அதனை விடுத்துக் கலவரத்தை மட்டும் பேசுவதற்குக் காரணம் நம் கூச்சமேயன்றிப் பிறிதில்லை. அக்கூச்சம் இன்று உயிர்களோடு தொடர்புடையதாகி விட்டமையாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற் கதையில் வரும் பேரர் இல்லம் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாழ்வோர்க்கு அந்நியமன்று. மாதத்தில் ஒரு ஞாயிறன்று பேரப்பிள்ளைகள் அங்கே கூடுகின்றனர். சிறுமியரோடு மணமகள் விளையாட்டு ஆடிச் சேலை உடுத்திருந்த ஆர்ஜியை மாமி ஒருவர் பெரியோர் முன் இழுத்து வந்து நிறுத்துகிறார். உறவினர் ஒருவர் நகைத்து ஒரு சொல்லைச் சொல்கிறார். அச்சொல்லே நூலின் பெயராகியது. அதன் பொருள் சிறுவனுக்கு விளங்கவில்லை. தந்தையின் முகம் மாறியது மட்டும் விளங்குகிறது. எவரும் அவனை அடிக்கவில்லை. ஒரு சிரிப்பு, அதன்பின் மௌனம், அதன்பின் விளையாட்டிலிருந்து விலக்கு. பழி ஒருவன்மீது எவ்வாறு படிகிறது என்பதை இத்துணை அடக்கமாகக் காட்டிய பிறிதொரு ஈழத்து நூலை யான் படித்ததில்லை. அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொற்கள் நம் வகுப்பறைகளில் எழும்போது ஆசிரியர் கேளாதார் போல் இருப்பதுண்டு. யானும் இருந்திருக்கிறேன்.

மகனை 'ஆணாக்கும்' பொருட்டுத் தந்தை அவனை விக்டோரியா அக்கடமி என்னும் கல்லூரிக்கு மாற்றுகிறார். ஆங்கே ஆர்ஜி ஷெஹான் என்னும் சிங்கள மாணவனின் நட்பைப் பெறுகிறான். அந்நட்பு அன்பாக முதிரத் தொடங்கியபோது, பெற்றோரைக் காட்டிக் கொடுத்தவன் போற் கூசி, தன் நண்பனையே சில காலம் வெறுக்கிறான். பிறர் இட்ட பழி உள்ளே புகுந்து தன்னையும் தன்னை நேசித்தவனையும் ஒருங்கே தண்டிக்கும் இப்பகுதியே நாவலின் உச்சம் என்பது என் கருத்து. பின்னர்ப் பரிசளிப்பு விழா மேடையில், அதிபர் ஓதப் பணித்த ஆங்கிலப் பாடல்களை ஆர்ஜி வேண்டுமென்றே குழப்பி ஓதுகிறான். ஷெஹானைத் துன்புறுத்திய அதிபரை அவையில் நாணச் செய்வதே அவன் நோக்கம். கோழை எனக் கருதப்பட்டவனின் மனவுறுதி இவ்வாறு வெளிப்படுவது மிகப் பொருத்தம்.

கலவரத்தின் பின் ஆர்ஜியின் குடும்பம் கனடா செல்கிறது. ஷெஹான் கொழும்பிலேயே தங்கிவிடுகிறான். நூலாசிரியர் அவனை அவ்விடத்தில் விட்டுவிட்டமை எனக்குக் குறையாகவே தோன்றுகிறது. ஏனெனில், எச்.ஐ.வி. தொற்றிய முதலாவது இலங்கையர் கண்டறியப்பட்டது 1987ஆம் ஆண்டில். அப்போது ஷெஹான் போன்றோர் இளைஞராகியிருப்பர். தாய் இங்கிலாந்தில், தந்தை கவனியார், கல்லூரி வெறுத்தது. அவன் எவரிடம் சென்று ஐயம் கேட்டிருப்பான்?

இலங்கையில் இந்நோய் பரவிய அளவு இன்றும் குறைவே. ஆயினும் 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் 600க்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் ஆண்கள். காக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. ஆணுறை உண்டு. தொற்றுமுன் உட்கொள்ளும் முற்காப்பு மாத்திரையும் உண்டு. பெரும்பாலும் பெரு, ஈக்குவடோர், பிரேசில் ஆகிய இலத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த 2,499 பேரைக் கொண்டு நிகழ்ந்து 2010இல் வெளியான ஆய்வில், அம்மாத்திரை தொற்றை நூற்றுக்கு 44 அளவு குறைத்தது. மாத்திரை பெற்றிருந்தும் தொற்றுக்கு உள்ளானோரிற் பெரும்பாலோரின் குருதியில் மருந்தே காணப்படவில்லை. மாத்திரை கையில் இருந்தது, உட்கொள்ளப்படவில்லை. வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில், தாயும் தமக்கையும் திறக்கும் அலுமாரியில், ஓர் இளைஞன் அப்போத்தலை எங்கே வைப்பான் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இது வியப்பன்று. தொற்றியவரும் ஒழுங்காக மருந்துண்டு, குருதியில் வைரசு கண்டறிய இயலாத அளவுக்குக் குறையுமாயின், உடலுறவின் வழி அது பிறருக்குப் பரவுவதில்லை. இச்செய்தியை அறியாத பட்டதாரிகள் நம்மிடையே பலர்.

நம் மொழியையும் ஈண்டுக் குறைகூற வேண்டியுள்ளது. 'பால்வினை நோய்' என்று எழுதுகிறோம். வினை என்றதும் சைவர் செவியில் ஊழ்வினையும் தீவினையும் ஒலிக்கின்றன. நோயாளி விசாரணையின்றியே குற்றவாளியாகி விடுகிறான். 'பாலியல் தொற்று' என்பதே போதுமானது.

சட்டமும் இம்மௌனத்துக்குத் துணைநிற்பதாயிற்று. 1883ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இவ்வுறவைக் குற்றமாக்கின. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்காது, பெண்களுக்கும் விரித்தது. குற்றநீக்கச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. எனினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்ட போதும் அது நிறைவேறியிருக்கவில்லை. இதனை மேனாட்டு ஒழுக்கக்கேடு என்போர், மேனாட்டிலிருந்து வந்தது இச்சட்டமே என்பதை மறந்துவிடுகின்றனர்.

பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்புத் தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் கொழும்புச் சிகிச்சை நிலையம் டி சேரம் பிளேஸில் உள்ளது. பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். கொட்டாஞ்சேனையிலிருந்து அது தொலைவன்று. வெள்ளவத்தையிலிருந்து புகையிரதத்தில் மருதானை வரை சென்றாற் போதும். மேல்வகுப்பு மாணவர்க்கு ஆர்ஜியின் கதையைப் படிப்பிக்கும் ஆசிரியர், ஷெஹானைப் பற்றிப் பேசும்போது அம்முகவரியையும் கரும்பலகையில் எழுதிவிடலாம்.