பல்கலைக்கழக அனுமதியும் பதில் வராத கேள்வியும்

அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில், விண்ணப்பதாரி அனுமதி அலுவலகத்தோடு மின்னஞ்சலில் தொடர்பு வைத்திருப்பதும் வளாகத்தைப் போய்ப் பார்ப்பதும் ஆர்வத்தின் அடையாளமாகக் கணக்கில் சேரும். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் அதற்கு இடமில்லை. உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி, மாணவரின் மாவட்டம், அவர் வரிசைப்படுத்திய பாடநெறிகள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்கிறது. கலைத்துறை போன்றவை நீங்கலாக, பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அம்மாவட்டத்தின் ஆலையடிவேம்பில் வயல் செய்பவரின் மகளுக்கு இந்த முறை பெரிய பாதுகாப்பு. அவளுடைய மாவட்டத்தில், கொழும்பில் ஆள் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றுதான். நேர்முகமும் சிபாரிசும் உள்ளே வந்தால் முதலில் இடம் இழப்பவள் அவள்தான். ஆகவே தெரிவில் பேச்சுக்கு இடம் வைக்காததை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் சிபாரிசை அடைத்த இந்த முறை கேள்வியையும் சேர்த்தே அடைத்துவிட்டது. உயர்தரத்துக்காக மட்டக்களப்புக்கு மாறிப் படித்த பிள்ளை எந்த மாவட்டத்தில் கணக்கிடப்படும்? பெயரில் ஓரெழுத்துப் பிழை இருந்தால் எந்தச் சான்றை இணைப்பது? இவற்றுக்கு அக்கரைப்பற்று கொமியுனிகேஷன் கடையில்தான் பதில் தேடுகிறார்கள். ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை விரித்து, பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் ‘யுனிகோட்’ இலக்கங்களைத் தட்டச்சு செய்பவரே ஆலோசகராகவும் ஆகிவிடுகிறார். சில வேளை விண்ணப்பத்தில் பதிவாவதும் கடையின் மின்னஞ்சல்தான். அவர் நல்லெண்ணத்தோடு செய்கிறார். ஆனாலும் தவறான ஆலோசனைக்கு விலை கொடுப்பது மாணவி.

எல்லாம் கைந்நூலில் இருக்கிறது என்பார்கள். பொது விதி இருக்கிறது, உண்மைதான். தன் நிலைமை அந்த விதிக்குள் எப்படி அடங்கும் என்பதுதான் மாணவியின் கேள்வி. விதியை வகுப்பவர்களும் தவறக்கூடும். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களுக்கு இசட் புள்ளி கணித்த முறை சர்ச்சையாகி, 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்துச் செய்தது. நீதிமன்றம் வரை போக எல்லாக் குடும்பங்களுக்கும் வசதியில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்றால், அதன்படி முடிவை அறிவிக்கவே 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம். சில வாரங்களில் முடியும் விண்ணப்பக் காலத்துக்கு அது மிக மெதுவானது.

பேச இடம் கொடுத்தால் செல்வாக்கு நுழையும் என்ற அச்சம் நியாயமானதே. தொலைபேசியில் தனியாகச் சொல்லும் பதிலில்தான் அந்த ஆபத்து அதிகம். கேள்வியும் பதிலும் எழுத்தில் இருந்து, பெயரை நீக்கி எல்லோரும் பார்க்க வெளியானால், ஒருவருக்குக் கிடைத்த விளக்கம் மற்றவருக்கும் கிடைக்கும். ஒரே கேள்விக்கு ஆயிரம் தடவை பதில் எழுதும் சுமையும் குறையும். அது தமிழிலும் வர வேண்டும். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. ஆகவே தமிழில் பதில் கேட்பது சலுகை கேட்பதல்ல. அம்பாறை மாவட்டத்திலேயே, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விண்ணப்பக் காலத்தில் ஆணைக்குழுவின் பெயரில் எழுத்துமூலம் பதில் தரும் அதிகாரத்தோடு ஓர் அலுவலரை அங்கே அமர்த்தினால், ஆலையடிவேம்பிலிருந்து ஒரு கேள்விக்காக யாரும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டியிருக்காது.