சனிக்கிழமை தின்ற பத்து

அக்கா மகளுக்கு மூன்றரை வயசு. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நிகழ்ச்சி உண்டு: "ஒண்ணு ரெண்டு சொல்லிக் காட்டுடி செல்லம்." இருபது வரைக்கும் தடுக்காமல் சொல்லிவிடுவாள், கைத்தட்டலும் கிடைக்கும். ஒருநாள் தட்டில் ஐந்து முறுக்கு வைத்து எண்ணச் சொன்னேன். விரல் வைத்துச் சரியாக எண்ணினாள். "அப்போ மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடியும் ஒண்ணிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியாகச் சொன்ன 'அஞ்சு'தான் முழுத் தட்டுக்கும் விடை என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. எண்கள் அவளுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

கடையில் கிடைக்கிற பெரும்பாலான எண் புத்தகங்கள் இந்தப் பாட்டைத்தான் வளர்க்கின்றன. பக்கத்தில் பெரிதாக 3, கீழே 'மூன்று வாத்துகள்'. விடையை முதலிலேயே சொல்லியாச்சு. பிறகு குழந்தை எதற்கு எண்ண வேண்டும்?

எரிக் கார்லின் 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' (1969) கதையிலும் முதல் ஐந்து நாள் இதே நிலைதான். திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று புழு தின்றுகொண்டே போகிறது. பழத்தில் இருக்கும் ஓட்டைக்குள் குழந்தை விரலை விடுகிறது. ஒரு பழத்துக்கு ஒரு விரல், ஒரு சொல். அது நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியமானது சனிக்கிழமைப் பக்கம். கேக், ஐஸ்கிரீம், சீஸ், தர்பூசணி என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. மொத்தம் பத்து, ஆனால் பத்து என்று கார்ல் எங்கும் சொல்வதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்களையும் ஒரே கணக்கில் சேர்க்கலாம் என்பது சின்ன விஷயமல்ல. கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் குழந்தைகளின் எண்ணறிவு பற்றி எழுதிய நூலில், எண்ணுதலின் ஐந்து விதிகளில் ஒன்றாக இதையும் வைக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லி வாசிக்கும்போது ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் எண்ணும்போதும் 'ஒன்', கேக்குக்கு முன்னாலும் 'ஒன்'. நமக்கோ எண்ணும்போது 'ஒண்ணு', கேக்குக்கு முன்னால் 'ஒரு'. 'ஒரு கேக், ஒரு சீஸ்' என்று வாசிக்கிறபோது அவள் காதில் எண்ணே விழவில்லை. பிறகு 'கேக் ஒண்ணு, சீஸ் ஒண்ணு' என்று மாற்றிச் சொன்னேன். உடனே விரலை நீட்டினாள்.

வார்த்தையே இல்லாமல் இதைச் செய்தவர் ஜப்பானின் மிட்சுமாசா அன்னோ. ஓவியராவதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1975இல் வந்த அவருடைய எண் புத்தகத்தின் ஜப்பானியத் தலைப்புக்கு 'எண்ணிப் பார்ப்போம்' என்று பொருள். அது ஒன்றில் தொடங்குவதில்லை, பூஜ்யத்தில் தொடங்குகிறது: பனி மூடிய வெற்று நிலம். அடுத்த பக்கத்தில் ஒரு வீடு, ஒரு மரம். பக்கத்துக்குப் பக்கம் ஊர் வளர்கிறது, பருவங்கள் மாறுகின்றன, பன்னிரண்டில் மறுபடியும் பனி. எண் மட்டும் ஓரத்தில் இருக்கும். எதை எண்ணுவது என்று புத்தகம் சொல்லாது. வீடுகளா, மரங்களா, மனிதர்களா? அதைத் தேடுவது குழந்தையின் வேலை.

குறையும் உண்டு. உருவங்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன, புழு மாதிரி இழுத்துப்போகிற கதையும் இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகணும். வாயை மூடிக்கொண்டும் உட்காரணும், அதுதான் நமக்குக் கஷ்டம்.

அந்தப் பனிப் பக்கத்தைக் காட்டி "இங்க என்ன இருக்கு?" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணுமில்ல சித்தி."

அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. அவள் சொன்ன சரியான கணக்கு அதுதான்.