மனம் புறத்தே விரியுமோ?

மேனாட்டுத் தத்துவ நூலாராகிய ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டு 'அனாலிசிஸ்' என்னும் ஆராய்ச்சித் தாளிற் சிறியதொரு கட்டுரை வெளியிட்டனர். 'விரிந்த மனம்' என்பது அதன் பெயர். மனிதனுடைய மனம் மண்டையோட்டினுள் அடங்கி நிற்பதன்று. அவன் கையாளும் குறிப்பேடு முதலிய புறப்பொருள்களும் சிற்சில நியமங்களுக்கு உட்படின் அவன் மனத்தின் கூறேயாம் என்பது அவர் மேற்கோள். கைப்பேசி உலகெங்கும் பரவியபின் இக்கொள்கை புதுவலிவு பெற்றது. கிளார்க் 2008இல் வெளியிட்ட நூலுக்குத் தாம் அளித்த முன்னுரையில், புதிதாக வாங்கிய ஐபோன் தம் மூளையின் தொழில்கள் சிலவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டதென்று சால்மர்ஸே எழுதினர். நம்மிளைஞர் பலர் இக்கட்டுரையின் பெயரும் அறியார். ஆயினும், "எல்லாம் கைப்பேசியில் உள்ளதே, நெட்டுருப் பண்ணுவானேன்?" என்று அவர் வினவுங்கால் இக்கொள்கையையே வழிமொழிகின்றனர். பிறர் மதத்தை ஆராயுமுன் அதனை அவர் கூறியாங்கே கூறுதல் பரபக்கத்தின் மரபாகலின், முதற்கண் அவர் கூற்றை ஈண்டுத் தருவாம்.

இங்கா என்னும் பெண் நியூயார்க்கு நகரத்துக் கலைக்கூடமொன்றில் ஒரு காட்சி நிகழ்வதாகக் கேள்வியுறுகின்றாள். அக்கூடம் 53ஆம் வீதியிலுள்ளதென நினைவுகூர்ந்து அங்குச் செல்கின்றாள். ஓட்டோ என்பவர் மறதிநோயுற்றவர். அறிந்தனவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி எங்குஞ் சுமந்து திரிபவர். அவரும் அக்காட்சியைக் கேள்வியுற்று, ஏட்டைப் புரட்டி, 53ஆம் வீதியென்று கண்டு செல்கின்றார். இங்காவின் நினைவு செய்ததையே ஓட்டோவின் ஏடு செய்தமையின், தலைக்கு வெளியே கிடத்தல் ஒன்றுபற்றி அதனை மனமன்றெனத் தள்ளுதல் நடுநிலையன்று என்பது வாதம். எவ்வேடும் மனமாகிவிடாதபடி நியமங்களும் வகுத்தனர். அஃது என்றும் உடனிருத்தல் வேண்டும்; வேண்டியபோது எளிதிற் கிடைத்தல் வேண்டும்; கண்டவுடன் நம்பப்படுதல் வேண்டும்; முன்னொருகால் அவனே அறிந்து உடன்பட்டதாயிருத்தல் வேண்டும். இவற்றுள் நான்காவது இன்றியமையாததோ என்பதில் அவர்க்கே ஐயமுண்டு. கட்டுரையின் இறுதியில், 'தான்' என்பதும் உடலெல்லை கடந்து விரியுமெனத் துணிந்தனர்.

இதனைக் கேட்டவுடன் சினங்கொள்ளுதல் சைவர்க்கு வேண்டா. இவர் வாதத்திற் பாதி நமக்குப் பழைய செய்தி. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியமாகிய சடங்கள். அவற்றுள் ஒன்றும் ஆன்மாவன்று. அமைச்சரோடு கூடிய அரசன்போல ஆன்மா அவற்றோடு கூடி நின்று தொழில் கொள்கின்றது என்பது சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தின் கருத்தன்றோ? மூளைக்கு உள்ளே கிடப்பது உயர்வு, வெளியே கிடப்பது தாழ்வு என்னும் வேறுபாடு சடத்துக்கும் சடத்துக்கும் இடையே செல்லாதென அவர் கூறுவது ஒக்கும். இன்னும் ஒரடி மேற்சென்று, இங்காவின் நினைவும் இங்காவுக்குப் புறமே என்று யாம் கூறுவேம். அவர் நின்றுவிட்ட இடம் அதுவே. ஏட்டை மனமாக்கினர், மனத்தை அறிபவனை வினவிற்றிலர். அதனால், கருவி விரியுந்தோறும் 'தானும்' விரியுமென்னும் பிழைக்கு இடந்தந்தனர். அமைச்சர் தொகை பெருகினால் அரசன் ஒருவன் பலராவதில்லை.

அற்றேல், அகக்கருவியும் புறக்கருவியும் ஒரு நிகரனவாயின் நெட்டுரு எதற்கு, கைப்பேசியே அமையுமே எனின், அமையாது. அந்தக்கரணம் வினைக்கேற்ப உயிர்க்குக் கூட்டப்பட்டது. நுண்ணுடம்பாகிய புரியட்டகத்தில் மனமும் புத்தியும் அகங்காரமும் அடங்கிப் பிறவிதோறும் உடன் செல்வன. கைப்பேசியோ ஈமத்துக்குங்கூட வாராது. வீட்டிலே கிடந்து பிறர் அழைப்புக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். மனப்பாடஞ் செய்த பதிகமும் மறுபிறப்பில் மறந்துபோகின்றதே எனின், சொல் மறந்துபோம். அதனை ஓதியோதி உயிர் பெற்ற பக்குவம் போகாது. ஓதுதல் ஒரு பொருளைப் பேழையில் இட்டு வைத்தலன்று, ஓதுவானை மாற்றுவதொரு தொழில்.

இதற்குச் சான்று நம் திருமுறை வரலாற்றிலேயே உளது. தில்லையிற் பூட்டப்பட்டுக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி துணையால் அரசன் திறப்பித்தபொழுது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததென்றும், எஞ்சியவற்றைத் தொகுத்தனரென்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். இவ்வரலாற்றை எழுத்தின் வெற்றியெனக் கொள்வாருளர். ஏடு இலதேல் எஞ்சியதும் எஞ்சாதாகலின் அது மெய்யே. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகோர்க்கெல்லாம் கொடையாக வழங்கிய பணியும் அவ்வகையினதே. யானும் அதனால் நாடோறும் பயன்பெறுகின்றேன். ஆயினும் புராணம் ஏட்டோடு முடிந்திலது. பாட்டுக் கிடைத்தது, பண் கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே திருஎருக்கத்தம்புலியூரில் இருந்த ஒரு பெண்மணியாரைத் தேடிச்சென்றே பண்ணடைவு பெற்றனர். அவர் கண்டத்தில் அது வாழ்ந்துகொண்டிருந்தது. அவ்வம்மையார்க்கு முன்னோர் ஒருவரேனும், "ஏடுதான் தில்லையில் இருக்கின்றதே" என்று இருந்துவிட்டிருந்தால் இன்று நம் கோயில்களில் தேவாரம் பாட்டாக ஒலிக்குமா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க.

புறத்தே உள்ளதென்னும் நம்பிக்கையே அகத்தைத் தளர்த்துமென்பதனை மேனாட்டாரும் ஓரளவு கண்டுளர். பெட்சி ஸ்பேரோ, ஜென்னி லியூ, டேனியல் வெக்னர் என்னும் மூவர் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, தாம் எழுதியது கணினியில் இருக்குமென நம்பியவர் அதனைக் குறைவாக நினைவு வைத்தனர். அழிக்கப்படுமென நம்பியவர் மிகுதியாக வைத்தனர். அவ்வாய்விலுள்ள சோதனைகளுள் ஒன்றைப் பிறர் மீளச் செய்து 2018இல் வெளியிட்டபொழுது முடிவு ஒத்து வந்திலது. அது வேறொரு சோதனை. எனினும் இவ்வகை முடிவுகளை ஆகமப் பிரமாணம்போற் கொள்ளுதல் கூடாது. எனக்கு வேண்டிய சான்று என்னிடத்தேயே உண்டு. மடத்துப் பாடசாலையில் ஏழாண்டு உருவேற்றிய பதிகங்களைக் கைப்பேசி வந்தபின் அதிற் பார்த்தே ஓதும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. சென்ற மார்கழியில் ஒருநாள் சந்நிதியில் அதன் மின்சேமிப்பு ஒழிந்தது. மூன்றாம் பாட்டின் இடையில் நின்றுவிட்டேன். பக்கத்தே நின்ற, எழுத்தறியா மூதாட்டியார் ஒருவர் எஞ்சியதைப் பாடி முடித்தார்.

இனி, நியமங்களை நோக்குவாம். ஓட்டோவின் ஏடு அவர் கையால் எழுதப்பட்டது. அது தானாக வாய்திறவாது. இன்றைய கைப்பேசி அத்தகையதா? முடிவின்றிச் சுருள் விரியும் திரையை 2006இல் ஏசா ராஸ்கின் என்பவர் அமைத்தார்; பின்னாளில் அதற்கு அவரே வருந்தினர். 2009இல் பேஸ்புக் 'விருப்பம்' என்னும் பொத்தானை ஏற்படுத்திற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், எவரும் முன்னறிந்து உடன்படாத சொற்களைக் கருவியே தொடுத்து நீட்டுகின்றது. அச்சொல் மெய்யாகவும் இருக்கும், பொய்யாகவும் இருக்கும். இரண்டும் ஒரே தெளிவோடு வரும். எனவே கண்டவுடன் நம்புதலென்னும் மூன்றாம் நியமம் நிறைவேறுமாயின் அது கேடு. நான்காம் நியமமோ நிறைவேறவேயில்லை. ஆசிரியர்தம் அளவுகோல் கொண்டே அளப்பினும் இக்கருவி ஓட்டோவின் ஏட்டுக்கு இனமாகாது. அது நமக்கு நினைவாக இருப்பதினும், நம்மை நினைவு வைத்திருப்பது மிகுதி.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பதும், அதற்குப் படிகம் உவமையென்பதும் சித்தாந்தப் பாலபாடம். அப்படிகத்தின்முன் எது வைக்கப்படுகின்றது, வைப்பவர் யார் என்பதே வினா. தன் படத்துக்குப் பிறர் இட்ட விருப்பங்களை எண்ணி எண்ணித் தன்னை மதிக்கும் பிள்ளை, அகங்கார தத்துவத்தைப் பிறர் கையிற் கொடுத்துவிடுகின்றான். ஷெர்ரி டர்க்கிள் என்னும் அம்மையார் 1995இல், திரையிற் பல உருவங்கொண்டு வாழ்தல் தன்னையறிதற்கு உதவுமென்னும் நன்னம்பிக்கையோடு எழுதியவர். 2011இல் வெளியிட்ட நூலில், கூடியிருந்தும் தனித்திருக்கும் நிலை கண்டு கவன்றனர். தம் கருத்தைத் தாமே மாற்றி அமைத்த அவர் நேர்மை பாராட்டத்தக்கது. பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரிணக்கத்தைச் சீவன்முத்தர்க்கும் விதித்தது வாளாவன்று. எதிரே இருப்பவர் முகம் வாடினால் நம் சொல் அடங்கும். திரையில் முகம் வாடுதல் தெரியாது. நம் சைவ அன்பர் சிலர் திரையில் ஒருவரையொருவர் வைது எழுதுவனவற்றை, ஒரு திண்ணையில் எதிரெதிரே இருந்து சொல்லத் துணிவரா?

எஞ்சியது ஓட்டோவைப் பற்றியது. நினைவும் ஏடும் சேர்ந்ததே அவர் எனின், ஏடு தொலைந்த நாளில் அவரிற் பாதி தொலைந்தது. நோய் முற்றி ஏட்டைப் படிக்கவும் இயலாத நாளில் அவர் முற்றும் இலராவர். இக்கொள்கையின் கொடிய முடிவு இது. ஆசிரியர் இருவரும் இதனைக் கருதியிரார். மறதிநோயுற்ற தாய் தந்தையரைப் பேணும் மக்கள் இன்று நம் தெருக்களிலும் பலர். "இவர் என் தந்தையல்லர், தந்தை எப்போதோ போய்விட்டார்" என்று அவர் கூறுவதைக் கேட்டிருக்கின்றேன். கருவிகள் முற்றும் ஒடுங்கிய கேவலத்திலும் உயிர் உண்டு, அதனை விட்டு நீங்காது இறைவன் உளன் என்பது நம் கொள்கை. அமைச்சர் அனைவரும் போயினும் அரண்மனையிலிருப்பவன் அரசனே. ஆகவே ஓட்டோவின் ஏட்டைப் பறிப்பது கொடுமை என்னும் அவ்வாசிரியர் கருத்துக்கு யாமும் உடன்படுவேம். ஆயின் அது குருடன் கோலைப் பறித்த கொடுமையே. ஏட்டை இழந்து வழியறியாது வீதியில் நிற்கும் அம்முதியவர் அப்போதும் ஓட்டோவே. அவரைக் கைப்பற்றி 53ஆம் வீதிக்கு அழைத்துச் செல்லும் கடமை அருகிலிருப்பவர்க்கு உண்டு.