பாடநூல் அணையும் மண் அணையும்

பள்ளியில் நீங்கள் கண்ட ஒரு படத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். நீர் நிறைந்த ஒரு தகர டப்பா. அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள். அடித்துளையிலிருந்து பீய்ச்சும் நீர் மற்ற இரண்டையும்விடத் தொலைவில் விழுகிறது. ஆழம் கூடக்கூட நீரழுத்தம் கூடும் என்பது பாடம். (டப்பாவை மேசைமீது வைத்து, நீர் மேசையிலேயே விழும்படி செய்து பாருங்கள். மிகத் தொலைவில் விழுவது நடுத்துளையின் நீர்தான்! படமே தவறு என்பது தனிக்கதை.) அதற்கடுத்து, அணையின் அடிப்பாகம் அகலமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு முக்கோணம்.

அந்த முக்கோணத்தை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன்தான். விதியில் குறையில்லை. கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டிய அணைக்கு விளக்கம் ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் உலகிலுள்ள அணைகளில் பெரும்பாலானவை மண் அணைகள். அவற்றுக்கு இது பொருந்தாது. அதைவிடக் கேடு, அடி அகலமானால் அணை பத்திரம் என்ற நினைப்பை மாணவன் மனத்தில் விதைத்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 10 மீட்டர் உயர மண் அணை. மேல் அகலம் 4 மீட்டர். நீர்ப்பக்கச் சரிவு ஒன்றுக்கு மூன்று, மறுபக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டரை. அடி அகலம் 59 மீட்டர் வரும். விளிம்புவரை நீர் நின்றாலும், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மீதும் நீர் தள்ளும் விசை 50 டன் எடைக்குச் சமம். அதே ஒரு மீட்டர் நீளத்திலுள்ள மண்ணின் எடையோ ஏறத்தாழ 630 டன்! தள்ளும் விசையைத் தாங்க இவ்வளவு மண் தேவையே இல்லை. மண், அதிலும் நனைந்த மண், செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். அடி அகலமானதற்கு அதுவே காரணம்.

அப்படியானால் மண் அணைகள் எதனால் உடைகின்றன? பெரிய மண் அணைகளின் உடைப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் கண்டது இது: ஏறத்தாழப் பாதி, நீர் கரைமேல் வழிந்து அரித்ததால், ஏறத்தாழ மறுபாதி, உள்ளுக்குள் கசிந்த நீர் மண்ணை அரித்ததால். சரிவு சரிந்து உடைந்தவை நூற்றுக்குச் சிலவே. பாடநூல் முக்கோணத்தில் இந்தக் கசிவும் இல்லை, வழிவும் இல்லை.

கசிவின் இயற்பியல் அழகானது. மண்ணிடையே மேல்நோக்கி ஊறும் நீர், மண் துகள்களை மேலே தள்ளும். நீரில் மூழ்கிய மண்ணின் நிகர எடை, அதே பருமனுள்ள நீரின் எடைக்கு ஏறத்தாழச் சமம். ஆகவே ஒரு மீட்டர் தூரம் ஊறுவதற்குள் நீர்மட்டம் ஒரு மீட்டர் இழக்கப்படுமானால், துகள்கள் எடையற்றவை போல் மிதக்கத் தொடங்கும். அணையின் கீழ்ப்பக்கத்தில், நீர் வெளிவரும் இடத்தில் இது நிகழ்ந்து, அரிப்பு அங்கிருந்து பின்னோக்கிக் குடைந்து செல்லும். இதற்கு மருந்தாக மணல் வடிகட்டிக்கு அளவு வகுத்தவர் மண் இயக்கவியலின் தந்தையான டெர்சாகி. நீரைப் போகவிடு, மண்ணை நிறுத்து என்பதே அதன் தத்துவம்.

பொறியாளர்களுக்கே இது எளிதில் மனத்தில் பதியவில்லை. அணையின் குறுக்கே செல்லும் குழாயை ஒட்டித்தான் நீர் எளிதில் வழி தேடும். அதைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் பட்டைகள் கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பட்டைகளைச் சுற்றி மண்ணைச் சரியாக இறுக்க முடியாததால் அவையே பலவீனமாயின. 1980களில் அமெரிக்க மண்பாதுகாப்புத் துறை அவற்றைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்கத் தொடங்கியது.

அத்துறையின் சிறு அணைகளைப்பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். ஓக்லஹோமா மாநிலத்தின் வாஷிட்டா ஆற்றுப்படுகையில், கார்டெல் நகருக்கு அருகே 1948இல் முதல் அணை முடிந்தது. பின்னர் நாடெங்கும் 11,000க்கு மேல் கட்டினார்கள். ஏறத்தாழ எல்லாம் மண் அணைகள். பெரும்பாலும் வெள்ளத் தடுப்புக்கானவை. நம் ஏரியைப்போல் நீரைத் தேக்கி வைப்பது இவற்றின் வேலையன்று. மழை கொட்டும்போது வெள்ளத்தைப் பிடித்து, ஒரு குழாய்வழியே சில நாட்களில் மெல்ல விடும். மிஞ்சியது கரையோரத்துப் புல்வெளி வழிகாலில் ஓடும்.

அணையின் மேற்பாதி ஆண்டுக்கணக்கில் நீரைக் காணாது. களிமண் காய்ந்து வெடிக்கும், மரவேர் நுழையும், வளைதோண்டும் விலங்குகள் குடியேறும். பிறகு ஒரே இரவில் நீர் விளிம்புவரை ஏறும். எப்போதும் நிறைந்திருக்கும் நீர்த்தேக்கமானால் கசிவு கண்ணில் படும், பழுது பார்க்கலாம். இங்கே முதல் சோதனையே இறுதிச் சோதனை! சோடியம் மிகுந்த சில களிமண்கள் நீர் பட்டதும் தாமே கரைந்து ஓடுகின்றன. ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் இத்தகைய மண்ணால் கட்டிய சில சிறு அணைகள் முதன்முறை நிரம்பியபோதே உடைந்தன. பார்வைக்கு அது நல்ல களிமண்தான். ஊசித்துளை ஒன்றின்வழி நீர் செலுத்தி அதை இனங்காணும் சோதனை 1976இல்தான் வெளியானது.

பாடநூல் படத்தில் இல்லாத இன்னொன்று, அணைக்குக் கீழே உள்ள ஊர். வயலைக் காக்கக் கட்டிய அணைக்கு ஓரளவு வெள்ளத்துக்கு ஏற்ற வழிகால் போதும் என்று கணக்கிட்டார்கள். வெள்ளம் வராது என்ற நம்பிக்கையில் கீழே வீடுகள் எழுந்தன. அணையில் ஒரு கூடை மண்கூட மாறவில்லை. அது 'குறைந்த ஆபத்து' வகுப்பிலிருந்து 'மிகுந்த ஆபத்து' வகுப்புக்கு ஏறிவிட்டது. பல அணைகளுக்கு 50 ஆண்டே ஆயுள் கணக்கிட்டிருந்தார்கள். அவற்றைச் சீரமைக்க 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. லிபியாவின் டெர்னா நகருக்கு மேலிருந்த இரு அணைகள் சிறியவையல்ல. எனினும் அவையும் 1970களில் வெள்ளத் தடுப்புக்காகவே கட்டப்பட்டவை. 2023 செப்டம்பர் புயல்மழையில் அவை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஆகவே பாடநூல் எழுதுவோரிடம் நான் கேட்பது புதிய படம் ஒன்று. அதில் அணையின் உள்ளே சாய்ந்து இறங்கும் நீர்மட்டக் கோடு இருக்கட்டும். குழாயும் மணல் வடிகட்டியும் வழிகாலும் இருக்கட்டும். கீழே இரண்டு வீடுகளும் இருக்கட்டும்.

இப்படத்தை வகுப்பில் வரைந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "கசியும் அணை நல்ல அணையா, சார்?" என்று கேட்டான். கசியும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார் என்றேன். தெளிந்த நீர், நாள்தோறும் ஒரே அளவில் வந்தால் அளந்து குறித்து வரலாம். அளவு திடீரென ஏறினாலோ, நீர் கலங்கி வந்தாலோ, கீழே உள்ளவர்களை உடனே எழுப்ப வேண்டும்.