சொல்லும் வாழ்வும்: 'லாஅடன்' மொழி பற்றிச் சில குறிப்புகள்

மொழியே சிந்தனையை வடிவமைக்கின்றது என்னும் கருத்து, சபிர்-வோர்ஃப் கருதுகோள் என்ற பெயரில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வருவது. அமெரிக்க மொழியியலாளரான சுசெற் ஹேடன் எல்ஜின் அதனை ஆக்க இலக்கியத்தின் வழியே பரிசோதிக்க முற்பட்டார். பெண்களின் அனுபவங்களை வெளியிடுவதற்கென 1982இல் 'லாஅடன்' என்னும் மொழியை அவர் ஆக்கத் தொடங்கினார். 1984இல் வெளிவந்த அவரது 'நேற்றிவ் ரங்' நாவலில், குடியுரிமை இழந்த பெண்கள் அம்மொழியை இரகசியமாக உருவாக்குகின்றனர்.

அம்மொழியிலே 'ராடீஇடின்' என்றொரு சொல் உண்டு. பெயரளவில் விடுமுறை, உண்மையில் விருந்தினர் நிறைந்து, உதவுவார் எவருமின்றி, வேலைச்சுமையால் பெண் அஞ்சும் நாள் என்பது அதன் பொருள். இவ்விளக்கத்தை எம்மொழியில் வாசிப்பவரும் உடனே உணர்ந்துகொள்வர். அங்ஙனமாயின், சொல் பிறக்குமுன்னரே அச்சிந்தனை இருந்தது என்பதன்றோ பெறப்படுவது? அடுப்படி உழைப்புப் பங்கிடப்படும் முறையே அதனைத் தோற்றுவித்தது. தனியொருத்தியின் சலிப்பைப் பலரது பொது முறைப்பாடாக்குவதே சொல்லின் பணி. அது சிறு பணியன்று.

எல்ஜினோ சொல்லிடம் இதனிலும் கூடுதலாக எதிர்பார்க்கிறார். நாவலின் இறுதியில் ஆண்கள், மாறிவிட்ட பெண்களோடு வாழ இயலாது, அவர்களுக்குத் தனி இல்லம் அமைக்கத் தீர்மானிக்கின்றனர். சட்டமும் அதிகாரமும் பழைய கைகளிலேயே இருக்கின்றன. இதனை விடுதலையெனக் கொள்ள எம்மால் இயலவில்லை.

பத்தாண்டுகளுள் பெண்கள் லாஅடனை ஏற்பர், அன்றேல் அதனிலும் சிறந்ததொன்றை ஆக்குவர் என அவர் எதிர்பார்த்தார், இரண்டும் நிகழவில்லை. போர்க்குணம் மிக்க கிளிங்கன் மொழி பரவியமையை அவரே ஒப்பிட்டுக் காட்டினார். அம்மொழிக்குப் பின்னால் நின்ற திரைப்படத் தொழிலின் பலத்தையும் அவ்வொப்பீட்டிற் சேர்த்தே நோக்கவேண்டும்.