அரைச்சுற்று

கோத்தகிரி இறக்கத்தில் பாறையிலோ மதகுச் சுவரிலோ முட்டிய ஜிப்ஸி பட்டறைக்குள் நுழைந்ததுமே, "ஹவுசிங் போயிருக்கும்" என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுகிற மிஸ்திரிகள் உண்டு. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் எனக்கு அதில் ருசி கிடையாது. முன் ஆக்சிலின் உறையான அந்த ஹவுசிங் மேல் பழி போடும் முன்பு மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே வரும் கை வேறு. மேட்டுப்பாளையத்தில் அப்படி ஒரு மிஸ்திரி இருக்கிறார். அவர் வேலையைப் பார்க்கவே நான் மலையிலிருந்து இறங்குவதுண்டு.

அவர் செய்வதிலேயே எனக்கு உயிர் அந்த அரைச்சுற்று. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவார். ஸ்டியரிங்கை நேராக்கி, ரிம்மின் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் ஸ்கேல் வைத்து அளப்பார். சக்கரம் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். அப்போதும் வாயைத் திறக்க மாட்டார். கோடு தரையைப் பார்க்கும்வரை சக்கரத்தைத் திருப்பி மறுபடி அளப்பார். சாய்வு எதிர்ப்பக்கம் போயிருந்தால் கோணல் ரிம்மில் அல்லது ஹப்பில். சக்கரத்தோடு அதுவும் சுற்றி வந்திருக்கிறது. அப்படியே நின்றால் சுற்றாத பாகம் ஏதோ பிசகியிருக்கிறது. பாதி மாறி பாதி நின்றால் இரண்டிலும் கோளாறு. நல்ல ரிம் ஒன்றை மாட்டி மறுபடி ஆரம்பிப்பார். மிருதங்கத்தில் ஒவ்வொரு கண்ணாகத் தட்டிச் சுருதி சேர்ப்பவரின் பொறுமை அது.

அடுத்து ஆட்டம். டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்குவார். ஆடினால், உதவிக்கு நிற்கும் பையனை பிரேக் மிதிக்கச் சொல்வார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம். இந்த ஒரு மிதி இல்லாமல் எத்தனை நல்ல பேரிங்குகள் குப்பைக்குப் போயிருக்கின்றன!

பிறகுதான் டேப். ஜிப்ஸியின் வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர். வண்டியை இறக்கி, சக்கரங்களை நேராக வைத்து, இரண்டு பக்கமும் முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை அளப்பார். முட்டிய பக்கம் குறைந்தால் சாக்கை விரித்து ஸ்பிரிங் பட்டைக்கடியில் படுத்துவிடுவார். சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னால் நகர்ந்திருந்தால், யூ போல்ட் ஓரத்தில் பழைய சேறும் துருவும் சுரண்டப்பட்டு, நகத்தளவு இரும்பு பளிச்சென்று தெரியும். என்ன வேகத்தில் முட்டியது என்று ஓட்டியவர் சொல்லும் கதையைவிட அந்த நகத்தளவு இரும்பை நான் நம்புவேன்.

இவ்வளவும் தாண்டித்தான் ஹவுசிங்கின் முறை. வெல்டு ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, உள் சீலைத் தாண்டி கியர் ஆயில் நக்கிளுக்குள் இறங்கியிருக்கிறதா, ஷாஃப்ட் பிடிக்காமல் உருவ வருகிறதா என்று பார்ப்பார்.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் பார்த்தால் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. மிஷின் கோணத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் இந்த ஆக்சிலில் கேம்பரையும் கேஸ்டரையும் திருத்த ஒரு திருகுகூடக் கிடையாது. டை ராடில் டோவை மட்டும் மாற்றலாம். ராடு வளைந்தது வளைந்தபடி இருக்க, அதைத் திருகித் திருகி டோவைத் திரையில் பச்சைக்குக் கொண்டுவந்து, சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். டயர் ஒரு பக்கம் மொட்டையாகி வண்டி திரும்பி வருகிறது. எது வளைந்தது என்ற கேள்வியை அங்கே யாருமே கேட்கவில்லை.

முன்பெல்லாம் பட்டறைக்கு வரும் பையனுக்குத் தூக்குக்குண்டு பிடிக்கத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். இப்போது முதல் வார்த்தையே "முழு ஆக்சிலையும் மாத்திரலாம் சார்". 1985இல் வந்த வண்டி. புது ஜிப்ஸி விற்பனையும் நின்றுபோயிற்று. கோணாத பழைய ஹவுசிங் கிடைப்பதே அரிது. இருக்கிற நல்லதைக் கழற்றி எறிந்துவிட்டு, எந்தப் பள்ளத்தில் விழுந்ததென்று தெரியாத ஒன்றை மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்? ஹவுசிங்கை மாற்றச் சொல்பவரிடம் இரண்டு பக்க வீல்பேஸ் அளவையும் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவர் கையில் ஆக்சிலைக் கழற்றக் கொடுக்க எனக்கு மனம் வராது.